ஒரு வாய் குறைந்த வீடு

கொரோனா வந்த அந்தக் கோடையில் ரமாபாய்க்குப் பதினைந்து வயது. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுக்குப் பின்னால் ஒரு ஹவுசிங் போர்டு கட்டடத்தில், இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. ஒரே அறை, அதை ஒட்டி ஆள் ஒருவர் மட்டும் நிற்கிற அளவுக்கு அடுப்படி, துணி காயப்போட ஒரு பால்கனி. அப்பா சின்னப்பையன் மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் மூட்டை இறக்குகிறவர். அம்மா செங்கொடி சௌகார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்கி, வாடிக்கையாளர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தாள். தம்பி வல்லரசு எட்டாவது. பதின்மூன்று வயதுதான், ஆனால் அந்த வருஷம் அவன் கால்சட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டன. வளர்கிற பையன். சோற்றுப் பானையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருவான்.

ஊரடங்கு என்று அறிவித்தபோது ரமாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்தாவது பரீட்சை தள்ளிப்போனது. கணக்கில் அவள் சுமார். கொஞ்ச நாள் போன பிறகுதான், மத்தியானம் ஆனால் வயிறு தானாக மணியடிக்கிறது என்பதைக் கவனித்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குப் பழகிய வயிறு. சாம்பார் சாதம், தக்காளி சாதம், மேலே ஒரு அவித்த முட்டை. தோழிகளோடு சேர்ந்து அந்தச் சாப்பாட்டை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறாள். இப்போது அந்த முட்டையின் மேல் தூவிய மிளகுத்தூள் கூட நினைவுக்கு வந்து தொலைத்தது.

ஜவுளிக்கடை பூட்டியாயிற்று. யார்டில் பாதிப் பேர் போதும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்தப் பாதியில் சின்னப்பையன் இல்லை. ரேஷன் அரிசி வந்தது. அரிசிக்குக் குறையில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்க வழியில்லை என்று செங்கொடி ஒரு வேளைதான் அடுப்பு மூட்டினாள். காலையில் ஒன்றுமில்லை. மத்தியானம் சோறும், தண்ணியாக ஒரு ரசமும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி ராத்திரிக்கு. ரசத்தில் முதலில் தக்காளி காணாமல் போனது, பிறகு புளி. கடைசியில் அது மிளகாய் போட்ட வெந்நீர்தான். ஆனாலும் அதை ரசம் என்றே எல்லாரும் சொன்னார்கள். சின்னப்பையன் தினமும் அம்மா உணவக வரிசையில் போய் நின்று கிடைத்த இட்லியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். அதில் பெரும்பங்கு வல்லரசுக்குப் போகும். அதுவும் அவனுக்குப் பத்தாது.

ரமா இந்த நாட்களில் ஒரு பேச்சைக் கற்றுக்கொண்டாள். “நான் அப்பவே சாப்ட்டேன்மா.” அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் நம்புவதுபோல் இருவரும் நடித்தார்கள். வல்லரசுக்கு நடிக்கத் தெரியாது. “பசிக்குது” என்று நேராகச் சொல்லிவிடுவான். சொன்னால் அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

ஜூன் மாதம் ஒருநாள் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் கருவாடு வறுத்தாள். அவள் மகன் காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போகிறவன். அவ்வப்போது ஏதாவது கொண்டுவருவான். வல்லரசு ஜன்னலோரம் போய் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

“யக்கா, வஞ்சிரம் கருவாடுக்கா!”

ரமாவுக்கு ஒரு வாசனையும் வரவில்லை. முதலில் அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பசித்துப் பசித்து மூக்கு செத்துவிட்டது போலிருக்கிறது, நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்தார்கள். நெற்றியில் கருவியைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா என்று ஒப்பிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே போனாள் ஒரு பெண்.

“வாசனை வரலக்கா” என்றாள் ரமா.

அந்தப் பெண் ஓரடி பின்னால் நகர்ந்தாள். செங்கொடி மகளைப் பார்த்த பார்வையை ரமா இன்றுவரை மறக்கவில்லை.

“வாய வெச்சுகினு சும்மா இருக்க மாட்டியா நீ?” என்றாள் அவர்கள் போன பிறகு. “வாசனை வரலன்னா போவட்டும். இங்க இன்னா வாசனை புடிக்க கீது?”

வேறு ஆட்கள் வந்து நாலு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்துப் போனார்கள். முடிவு பாசிட்டிவ் என்று போன் வந்தது. மற்ற மூவருக்கும் இல்லை. மாலை வெயிலில் ஆம்புலன்ஸ் வந்து கீழே நின்றது. எல்லா பால்கனியிலும் ஆட்கள். ரமா ஒரு மஞ்சப்பையில் இரண்டு சுடிதாரை அடைத்துக்கொண்டு இறங்கினாள். கீழே ஆம்புலன்சுக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதிலிருந்து தகரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. வண்டி கிளம்பித் திரும்பும்போது, மாடிப்படி வாசலில் தகரத்தை நிறுத்தி ஒருவன் ஆணி அடிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்தப் படியை நம்பி ஆறு வீடுகள் இருந்தன.

திருவொற்றியூர் தாண்டி ஒரு கல்லூரியைக் கொரோனா சென்டர் ஆக்கியிருந்தார்கள். கரும்பலகை இருந்த அறையில் வரிசையாகக் கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் ரஹீமுன்னிசா என்ற அம்மாள். கல்மண்டபத்தில் பிளவுஸ் தைப்பவர். சர்க்கரை வியாதிக்காரர். நல்ல பேச்சுத் துணை. கையில் போன் வேறு இருந்தது.

விடிந்ததும் சாப்பாடு வந்தது. பொங்கல், வடை, சாம்பார், தனித்தனிப் பொட்டலமாக. கொஞ்ச நேரத்தில் இஞ்சி போட்ட ஏதோ தண்ணீர். அப்புறம் கபசுரக் குடிநீர். மத்தியானம் சாதம், குழம்பு, பொரியல், முட்டை. சாயங்காலம் சுண்டல். இருட்டும்போது சப்பாத்தி, மஞ்சள் போட்ட பால். யாருக்கும் கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல், இது எல்லாம் தனக்கே என்பதை நம்ப ரமாவுக்கு நேரம் பிடித்தது. எதிலும் ருசி தெரியவில்லை. பொங்கல் வெதுவெதுப்பாகத் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. முட்டை பல்லில் வழுக்குவது தெரிந்தது. ருசி இல்லாத சோற்றை அத்தனை ஆசையாக ஒருத்தி தின்பதை ரஹீமுன்னிசா வேடிக்கை பார்த்தார்.

“மெதுவா கண்ணு. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க” என்றார்.

ரமா கையை இழுத்துக்கொண்டாள். பிறகு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த அறையில் பாதிப் பேருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பிரிக்காத பொட்டலங்கள் மஞ்சள் கவரில் போய் விழுந்தன. கவர்கள் வராண்டாவில் மலைபோல் குவிந்து கிடக்கும். கழிவறைக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினாள்.

வீட்டுக்கு ரஹீமுன்னிசாவின் போனில்தான் பேசினாள்.

“சாப்ட்டியாடி?” என்றாள் செங்கொடி.

இத்தனை நாள் பொய்யாகச் சொன்ன வார்த்தை. இன்று மெய்யாகச் சொல்ல நாக்கு எழவில்லை. “ம்” என்றாள்.

“நெஜமா குடுக்குறாங்களா?”

“குடுக்குறாங்கம்மா. அங்க?”

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். தகரம் அடைத்ததால் அப்பா இட்லி வாங்கப் போக முடியவில்லை. காய்கறி கொண்டுவந்து தருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போன ஆள் ஒரே ஒருமுறை வந்தான். பால்கனியிலிருந்து கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது கீழே போனால் அதில் ஏதாவது போடுவார்கள். அப்பாவுக்கு அந்த வாளியை மேலே இழுக்கக் கை வரவில்லை, அம்மாதான் இழுக்கிறாள்.

“நீ அங்க நல்லா துன்னு” என்றாள் செங்கொடி. “இங்க ஒரு வாய் கொறஞ்சிருக்கு. வல்லுவுக்கு ஒரு கரண்டி கூட வெக்கிறேன்.”

அம்மா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரமா கட்டிலில் படுத்தாள். தன்னால்தான் அவர்களை அடைத்தார்கள். தான் இல்லாததால்தான் அவர்களுக்கு ஒரு கரண்டி கூடுகிறது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் போனை எடுத்தது வல்லரசு.

“யக்கா, இன்னிக்கு இன்னா குட்த்தாங்க?”

“கஞ்சிதான்டா.”

“பொய் சொல்ற. அடுத்த பிளாக்கு அண்ணன் அங்க இருந்துட்டு வந்துச்சுல்ல, அது சொல்லிச்சு. முட்டையெல்லாம் குடுக்குறாங்களாம்ல?”

ரமா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“சொல்லுக்கா. சும்மா கேக்குறேன்.”

சொன்னாள். பொங்கலில் ஆரம்பித்து மஞ்சள் பால் வரை சொன்னாள். அந்தப் பக்கம் அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு தினமும் அதே கேள்வி. தினமும் அவள் சொல்ல வேண்டியிருந்தது. சுண்டல் கொண்டைக்கடலையா பட்டாணியா, குழம்பில் காய் என்ன, எல்லாம் கேட்டான். தனக்கு மூக்கு திரும்பி, சாம்பாரில் பெருங்காயம் தெரிய ஆரம்பித்ததை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை.

மிச்சமான பொட்டலங்களைப் பிரிக்காமலே தன் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று சாப்பாடு கொண்டுவரும் அண்ணனிடம் ஒருநாள் கேட்டாள். அவர் உடம்பு முழுக்க வெள்ளை உறை போட்டிருந்தார். கண் மட்டும்தான் தெரியும்.

“இங்கேந்து ஒரு துரும்பு வெளிய போவக் கூடாதும்மா. என் வேலையே பூடும்” என்றார். போனவர் திரும்பி வந்து, “எனக்கும் பசங்க கீது” என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்குச் சொன்னார் என்று அவள் வெகுநேரம் யோசித்தாள்.

ஒரு மத்தியானம் வல்லரசு குரலைத் தாழ்த்திப் பேசினான். “யக்கா, வாசனை வரலன்னு சொன்னா போதுமா? காய்ச்சலும் இருக்கணுமா?”

ரமா எழுந்து உட்கார்ந்தாள். “எதுக்குடா?”

“சும்மாதான்.”

“டேய் வல்லு, வேணாம்டா. குச்சி வுட்டு பாப்பாங்க. பொய்யின்னா தெரிஞ்சுரும்.”

“பாக்கட்டும். நெஜமாவே வந்திருந்தா? நீயும் நானும் ஒரே வூட்லதான இருந்தோம்? ஒனக்கு வந்துச்சு, எனக்கு ஏன் வரல?”

பரிசு கிடைக்காதவன் கேட்பதுபோல் இருந்தது. எதிர்க்கட்டிலில் ஒரு பாட்டி மூச்சு கிடைக்காமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள், நேற்றுத்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவன், “உன் பக்கத்துல கட்டில் காலியா கீதா?” என்று கேட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.  அப்படியே போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே ரஹீமுன்னிசாவுக்கு மூச்சு வாங்கியது. விரல் நுனியில் கருவியை மாட்டிப் பார்த்த நர்ஸ் கத்திக் கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிப் போனார்கள். போன் அவர் இடுப்பில் இருந்தது. அதோடு ரமாவுக்கு வீடும் போனது. வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிப் பேசியிருக்கலாம். ஆனால் தம்பி என்ன செய்தான் என்று கேட்கப் பயமாக இருந்தது. சாப்பாடு அதே நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவளும் மிச்சம் வைக்காமல் தின்றுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே தின்ன முடிகிறது என்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

டாக்டர் வந்து, “நாளைக்கு நீ வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

“இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டா சார்?”

அவர் சிரித்தார். “எல்லாரும் எப்ப விடுவீங்கன்னு உயிரெடுக்கிறாங்க. நீ ஒருத்திதான்மா இருக்கேங்கிற. வெளிய பெட்டுக்கு க்யூ நிக்குது.”

வண்டி அவளைக் கட்டடத்தின் கீழே இறக்கிவிட்டுப் போனது. படி வாசலில் தகரம் அப்படியே இருந்தது. காவலுக்கு இருந்த ஆள் அவள் காகிதத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தகரத்தின் ஆணிகளைப் பிடுங்கி, அவள் உடம்பு நுழைகிற அளவுக்கு விலக்கினான். அவள் குனிந்து உள்ளே போனாள். இரண்டு படி ஏறுவதற்குள் பின்னால் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

சொக்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். “வா தாயி. உன்னால ஒருவாட்டி, உன் தம்பியால ஒருவாட்டி. என் புள்ள வேலைக்குப் போயி எத்தினி நாளு ஆச்சு தெரியுமா? அக்காளும் தம்பியும் சேந்து எங்கள ஜெயில்ல போட்டுட்டீங்க.”

வல்லரசு சொல்லியே விட்டிருந்தான். சூடு பார்க்க வந்தவர்களிடம் வாசனை இல்லை, ருசி இல்லை, தொண்டை வலி என்று எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறான். குச்சி விட்டார்கள். முடிவு வரும்வரை தகரத்தைப் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தகரத்தைப் பிரிக்க வேண்டிய நாளில்தான் அவன் இப்படிச் சொன்னது. முடிவு நெகட்டிவ் என்று வந்தது, பிரிக்கத்தான் இன்னும் ஆள் வரவில்லை. முடிவு வருவதற்குள் அவன் தன் துணியையெல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குக் காத்திருந்தானாம். பொய் என்று தெரிந்ததும் சின்னப்பையன் அவனை அடித்தார். பிள்ளைகள் மேல் கை வைக்காத மனுஷன். அடித்துவிட்டு அவரே பால்கனியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாராம். ரமா போனபோது அப்பாவும் பையனும் ஒரே அறையில் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

வல்லரசு திரும்பினான். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகத் தெரிந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“நல்லா கீறக்கா” என்றான். கேலி இல்லை, கோபமும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரமாவுக்கு.

செங்கொடி நாலு தட்டு வைத்தாள். கஞ்சியை ஊற்றிவிட்டுத் தன் தட்டிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வல்லரசின் தட்டில் சாய்த்தாள். ரமாவும் அப்படிச் செய்யத்தான் நினைத்தாள். ஆனால் மூன்று வேளைக்குப் பழகிய வயிறு, போவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகக் கத்தியது. முழுக் கஞ்சியையும் குடித்தாள்.  அந்த வாரம் முழுக்க அப்படித்தான். “நான் அப்பவே சாப்ட்டேன்” என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யார்டில் ரயில் பெட்டிகள் ஆளில்லாமல் நின்றன. எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் முதுகுதான் தெரிந்தது.

தகரத்தைப் பிரித்த பிறகும் உடனே ஒன்றும் சரியாகிவிடவில்லை. அப்பாவுக்கு யார்டில் விட்டு விட்டு வேலை கிடைத்தது. அம்மாவை ஜவுளிக்கடையில் திரும்பக் கூப்பிடவே இல்லை. ரஹீமுன்னிசாவின் எண்ணை ரமா மனப்பாடமாக வைத்திருந்தாள். அப்பா போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பத்தாவது எல்லாரும் பாஸ் என்று வந்தது. பதினொன்றில் சேர்ந்தாள். தம்பி எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனான். வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வகுப்பு எங்கே நடந்தது, எப்படி நடந்தது என்று இருவருக்கும் தெரியாது.

பிரியாணிக் கடைகள் திறந்ததும் வல்லரசு கல்மண்டபத்தில் தமீம் பாய் கடைக்கு ஒருநாள் தானாகவே போய் நின்றான். என்ன சம்பளம் என்று அவன் கேட்கவில்லை. சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டானாம். வெங்காயம் உரிப்பது, பிரியாணி வேகிற தேக்ஸாவைக் கழுவுவது. செங்கொடி முதலில் சத்தம் போட்டாள். ஒரு வாரம் கழித்து அவன் முகம் தெளிந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வல்லரசின் டீச்சர், ரமாவை வழியில் நிறுத்தி, “உன் தம்பி பேரை ரிஜிஸ்டர்லேர்ந்து இன்னும் எடுக்கல. கையோட கூட்டிட்டு வா” என்றார். ரமா பஸ் ஏறிக் கல்மண்டபம் போனாள். கடைக்குப் பின்னால், கழுவிக் கவிழ்த்த தேக்ஸாக்களுக்கு நடுவில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டு நிறையச் சோறு, இரண்டு கறித்துண்டு. அவளைப் பார்த்தும் அவன் கை நிற்கவில்லை.

“ஸ்கூல் தொறந்துட்டாங்கடா. டீச்சர் உன்ன கேக்குறாங்க.”

“ம்.”

“வாடா வல்லு. பத்தாவது மட்டுமாவது முடிச்சுரு. நான் சொல்லிக் குடுக்குறேன்.”

அவன் ஒரு வாய் தின்றான். மென்று முடித்தான். “ஸ்கூல்ல சோறு போட்றாங்களா?”

ரமா பொய் சொல்லியிருக்கலாம். “இன்னும் இல்லடா. அரிசியா வூட்டுக்குக் குடுக்குறாங்க.”

“அரிசி நம்ம வூட்லயும் கீதுக்கா” என்றான். தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். “நீ சாப்ட்டியா? உக்காரு.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்தாள். தமீம் பாய் உள்ளேயிருந்து கூப்பிட்டார். வல்லரசு கையைக் கழுவி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் ராயபுரம் பாலம் வரை நடந்தே வந்து, டீச்சரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

இப்போது ரமாபாய் பி.காம். முடித்து, துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது, மூட்டை தூக்குவதில்லை. அம்மா ஒரு பள்ளியில் ஆயா. வல்லரசு அதே கடையில் இருக்கிறான். இப்போது அடுப்பு அவன் கையில். தமீம் பாய் இல்லாத நாளில் கடையே அவன் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. வேறு வேலை தேடச் சொன்னால் கேட்டுக்கொள்வான், போகமாட்டான். வேறு கடையிலிருந்து கூடுதலாகத் தருகிறேன் என்று கூப்பிட்டபோதும் போகவில்லை. ஏன் என்று ரமா ஒருமுறை கேட்டாள்.

“இங்க இன்னா கொறச்சல்?” என்றான் அவன், வெங்காயத்தைப் பார்த்தபடி.